98 மதிப்பெண் யாருக்கு?



சைபர் பாதுகாப்பைப் பற்றிச் சாதி ஒழிப்பு மேடையில் என்ன பேச்சு என்று ஒரு தோழர் கேட்டார். பீமா கோரேகான் வழக்கை எடுத்துப் பார்த்தால் அது நம்முடைய வழக்கு என்பது விளங்கும். அதற்கு முன் அரசு காட்டும் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுவோம்.

ஐ.நா.வின் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளின் சைபர் பாதுகாப்பை அளந்து பட்டியல் போடுகிறது. 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தியா 100க்கு 98.49 வாங்கி முதல் அடுக்கில் நிற்கிறது. சட்டம், தொழில்நுட்பம், அமைப்பு, திறன் வளர்ப்பு, ஒத்துழைப்பு என்று ஐந்து தலைப்புகள், தலைப்புக்கு 20 மதிப்பெண். நாடுகளுக்குக் கேள்வித்தாள் போகும். சட்டம் இருக்கிறதா? அவசர உதவிக் குழு இருக்கிறதா? இருக்கிறது என்று சான்றோடு காட்டினால் மதிப்பெண். அதில் பொய் இல்லை, எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன.

மகாடு குளமும் அப்படித்தான் இருந்தது. பொதுக் குளங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924இல் மகாடு நகராட்சியும் போட்டது. அன்றைக்கு யாராவது கேள்வித்தாள் அனுப்பியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரோடு போய்த் தண்ணீர் குடித்த மக்களுக்கு அடிதான் கிடைத்தது.

இப்போது இந்த 98க்கு வருவோம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை யாரோ முடக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போக வழியில்லாத நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். 2019இல் கூடங்குளத்தில், தாக்குதல் எதுவும் இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம், நிர்வாகக் கணினியில் தீநிரல் இருந்தது உண்மைதான், உலை இயக்கத்துக்குப் பாதிப்பில்லை என்றது.

இவை வெளியிலிருந்து வந்த திருட்டு என்றே வைத்துக்கொள்வோம். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆராய்ந்தது. நெட்வயர் என்ற தீநிரல் வழியே 22 மாதங்கள் ஒருவர் உள்ளே இருந்திருக்கிறார், கடிதங்களை மறைவான ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறார் என்று 2021இல் அறிக்கை தந்தது. அந்தக் கடிதங்கள்தான் வழக்கின் சான்று! ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் இதுவே நடந்தது என்று 2022 டிசம்பரில் சொன்னது. அவர் 2021 ஜூலை 5 அன்றே காவலில் இறந்துவிட்டார், 84 வயதில். என்.ஐ.ஏ. இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை.

ஆனந்த் டெல்டும்டே 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்த நாளில் சரணடைந்தார். அவருடைய கைப்பேசி பெகாசஸ் உளவுமென்பொருளால் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் அதற்கு முந்தைய ஆண்டே தெரிவித்திருந்தது. அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்று அதைத் தயாரித்த நிறுவனமே சொல்கிறது. உச்சநீதிமன்றக் குழு 29 கைப்பேசிகளைச் சோதித்து ஐந்தில் தீநிரல் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் குழு பதிவு செய்தது. ஒத்துழைப்புக்கும் 20 மதிப்பெண் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அது நாடுகளுக்குள் நடக்கும் ஒத்துழைப்பு, தோழர்களே.

2023 நவம்பரில் சைபர் அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்தும் விலக்கப்பட்டது. இனி கேட்டாலும் பதில் வராது.

ஆகவே ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். தோழர் ஒருவரின் கைப்பேசியையோ கணினியையோ பறிமுதல் செய்தால், அந்த இடத்திலேயே ஹாஷ் மதிப்பை எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருப்பதற்கு அது கைரேகை மாதிரி. பின்னால் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். முன்பே உள்ளே வைத்ததை அது தடுக்காது. எடுத்துப் போன பிறகு வைப்பதைக் காட்டிக்கொடுக்கும்.