செல்லுலார் சிறையும் நான்கு வெள்ளித் தாமரைகளும்



தேசியத் திரைப்பட விருது அறிவிப்பு நெருங்குகிறது என்று தெரிந்தால் நான் ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எந்த விருது யாருக்கு என்று அறிவிப்புக்கு முன்பே எழுதிவைப்பது என் பதினேழாவது வயதில் தொடங்கிய பழக்கம். இன்றுவரை ஓர் ஆண்டும் விட்டதில்லை. தொடங்கிவைத்தது எங்கள் ஊரில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு கட்டடம். அதிலிருந்தே சொல்லத் தொடங்குகிறேன்.

போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், அட்லாண்டா பாயின்ட் மேட்டில் செல்லுலார் சிறை இருக்கிறது. 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி ஏழு சிறகுகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஒரு சிறகின் அறைக்கதவுகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்பதற்காகப் போட்ட கணக்கு அது. இன்று நிற்பவை மூன்று சிறகுகள்தான்.

அந்தச் சிறையைப் பற்றி இயக்குநர் பிரியதர்ஷன் ஒரு படம் எடுத்தார். மலையாளத்தில் ‘காலாபானி’, தமிழில் ‘சிறைச்சாலை’. மோகன்லால், பிரபு, தபு, அம்ரிஷ் புரி நடித்தார்கள். இளையராஜா இசை, தமிழ்ப் பாடல்கள் அறிவுமதி. படக்குழு எங்கள் ஊரில் இருந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சிறைச் சுவருக்கு வெளியே போய் நிற்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ஒருவர் உரக்கக் கட்டளை சொல்வார், சங்கிலி இழுபடும், பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிப் போகும். அந்த அமைதியில் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

படம் 1996 ஏப்ரலில் வெளியானது. மெயின்லேண்டில் வெளியான படம் அன்றைக்கே எங்களுக்குக் கிடைத்துவிடாது. சென்னையிலிருந்து கப்பல் வர மூன்று நாள் ஆகும். படப்பெட்டி வந்திறங்கி, அரங்கில் சுவரொட்டி ஒட்டிய பிறகுதான் எங்களுக்குப் படம். ஆனால் விருதுக் கணிப்புக்குக் காத்திருக்க முடியுமா? டெலானிப்பூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் உட்கார்ந்து எழுதினோம். சிறந்த படம் நம் படம்தான். சிறந்த நடிகர் மோகன்லால், சிறந்த நடிகை தபு, இசை இளையராஜா. எங்கள் ஊர்ச் சிறையைப் பற்றிய படத்துக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவார்கள் என்பதே எங்கள் ஐந்து பேரின் எண்ணம்.

முடிவு வானொலிச் செய்தியில் வந்தது. 43ஆவது தேசிய விருதுகள். சிறந்த படம் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘கதாபுருஷன்’. சிறந்த நடிகர் ரஜித் கபூர், ஷ்யாம் பெனகலின் ‘தி மேக்கிங் ஆஃப் தி மகாத்மா’ படத்தில் காந்தியாக நடித்தவர். சிறந்த நடிகை ‘பண்டிட் குயீன்’ சீமா பிஸ்வாஸ். இசை ஹம்சலேகாவுக்கு. தமிழில் சிறந்த படம் பாரதிராஜாவின் ‘அந்திமந்தாரை’, அதுவும் ஒரு விடுதலைப் போராட்ட வீரரின் முதுமைக் கதை. எங்கள் நான்கு கணிப்பில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அன்று இரவு யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

விமானத்தில் வந்த செய்தித்தாளில்தான் முழுப் பட்டியலையும் பார்த்தோம். எங்கள் படத்தின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. கலை இயக்கம், சாபு சிரில். ஒளிப்பதிவு, சந்தோஷ் சிவன். ஒலிப்பதிவு, தீபன் சாட்டர்ஜி. தந்திரக் காட்சிகள், எஸ்.டி. வெங்கி. நான்கு ரஜத கமல், அதாவது நான்கு வெள்ளித் தாமரை. இந்த நான்கு பேரில் ஒருவரைக்கூட நாங்கள் எழுதவில்லை. அப்படிப்பட்ட விருதுகளுக்கு எங்கள் நோட்டில் வரிசையே போட்டிருக்கவில்லை.

நேயர்களே, இந்த நான்கும் எனக்கு உடனே புரிந்துவிடவில்லை. ஒளிப்பதிவு புரிந்தது, ஏனென்றால் தினமும் பார்க்கிற வெயிலும் கடலும் திரையில் வேறு மாதிரி இருந்தன. கலை இயக்கம் கொஞ்சம் யோசித்த பிறகு புரிந்தது. கதை நடப்பது 1915இல். நிற்பதோ மூன்று சிறகு. மிச்சத்தை யாரோ மரத்தாலும் சுண்ணாம்பாலும் தந்திரக் காட்சியாலும் நம்ப வைத்தாக வேண்டும். ஆனால் ஒலிப்பதிவு? எங்கள் ஊர் அரங்கில் திரைக்குப் பின்னாலிருந்து மட்டும்தான் சத்தம் வரும். வசனம் கேட்டது, பாட்டு கேட்டது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு படிக்கச் சென்னைக்குப் போனேன். அங்கே நல்ல ஒலியமைப்பு இருந்த ஓர் அரங்கில் ‘சிறைச்சாலை’யை மறுபடி போட்டிருந்தார்கள். மலையாளத்தில் டால்பி ஸ்டீரியோவில் வந்த முதல் படம் அது. செக்கு சுற்றுகிற காட்சி வந்தபோது மரம் மரத்தோடு அரைபடுகிற சத்தம் என் முதுகுப் பக்கம் கேட்டது. வ.உ.சி. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சிறையின் செக்கை எத்தனையோ முறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தச் செக்கு எப்படிச் சத்தம் போட்டிருக்கும் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. அறைக்குள் இருந்தவனுக்குப் பக்கத்து முகம் தெரியாது. அவனுக்குத் தெரிந்த உலகம் முழுவதும் சத்தம்தான். அதைத்தான் தீபன் சாட்டர்ஜி செய்திருந்தார். சுவருக்கு வெளியே பள்ளிப் பையனாக நின்றபோது எனக்குக் கேட்டதும் அதுதான்.

அன்றிலிருந்து என் கணிப்பு முறையே மாறிவிட்டது.

சிறந்த நடிகரை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். அதில் நம் ஆசை பாதிக்கு மேல் கலந்துவிடும். நடிகர் திலகத்துக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. எத்தனை ஆண்டு எத்தனை ரசிகர்கள் அவர் பெயரை எழுதியிருப்பார்கள்! எங்கள் தீவில் வந்து ‘அந்தமான் காதலி’யில் நடித்துவிட்டுப் போனவர் அவர், 1978இல். 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வந்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வெற்றிமலை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் மகன் பிரபு ‘சிறைச்சாலை’யில் இருந்தார் என்பதும் எங்களுக்கு ஒரு சொந்தம் மாதிரிதான்.

2025 செப்டம்பர் 23 அன்று மோகன்லால் அதே பால்கே விருதைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் கையால் வாங்கினார். 1996இல் திண்ணையில் எழுதிய அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ‘சிறந்த நடிகர் மோகன்லால்’ என்று பச்சை மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தோம். அந்தப் படத்துக்கும் ‘ஸ்படிக’த்துக்கும் சேர்த்து 1995ஆம் ஆண்டுக்கான கேரள மாநில விருதை அவருக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கணிப்பு அந்த அளவுக்குச் சரிதான்.

இனி, தேசிய விருதை எப்படிக் கணிப்பது? ஆஸ்கர் மாதிரி ஆயிரக்கணக்கானோர் வாக்களிக்கிற விருது இல்லை இது. அந்தந்த ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்களைத் தயாரிப்பாளர்கள் அனுப்ப வேண்டும். அனுப்பாத படத்துக்கு எவ்வளவு புகழ் இருந்தாலும் பயனில்லை. மண்டலக் குழுக்கள் முதலில் பார்த்து வடிகட்டும், பிறகு மத்தியக் குழு பார்க்கும். அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு எல்லா மொழியும் தெரிந்திருக்காது. கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் நம் வசனத்தைப் புரிந்துகொள்வார்கள். வட்டார வழக்கின் ருசி, ஒரு சொல்லில் இருக்கும் குத்தல், இவையெல்லாம் அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிடும். படமும் சத்தமும் அப்படிக் குறைவதில்லை. தென்னாட்டுப் படங்கள் ஒளிப்பதிவிலும் கலையிலும் ஒலியிலும் விருதுகளை அள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். 70ஆவது விருதுகளில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்கும் நான்கு கிடைத்தன. சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதைத் தவிர மற்ற மூன்றும் ரவிவர்மனின் ஒளிப்பதிவுக்கும், ஏ.ஆர். ரகுமானின் பின்னணி இசைக்கும், ஆனந்த் கிருஷ்ணமூர்த்தியின் ஒலி வடிவமைப்புக்கும். அடுத்த ஆண்டு கேரள வெள்ளத்தைத் திரையில் கொண்டுவந்த ‘2018’ படத்தின் தயாரிப்பு வடிவமைப்புக்காக மோகன்தாஸ் வாங்கினார்.

இந்த எண்ணத்தை மீறுகிற படங்களும் உண்டு. ‘பார்க்கிங்’ அப்படி ஒன்று. ஒரே வாடகை வீட்டில் மேலும் கீழும் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள், கார் நிறுத்த ஓர் இடம், அதற்கு ஒரு சண்டை. அவ்வளவுதான் கதை. 71ஆவது விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், ராம்குமார் பாலகிருஷ்ணனுக்குத் திரைக்கதை விருது, எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது என்று மூன்றும் வந்தன. எத்தனையோ ஆண்டுகளாகச் சின்னச் சின்ன வேடங்களில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் பெயர் அந்தப் பட்டியலில் வந்ததைக் கேட்டு நான் கைதட்டிவிட்டேன்.

இப்போது 2024ஆம் ஆண்டுப் படங்கள். நான் இதைப் பேசும் நேரத்தில் முடிவு வெளியாகவில்லை. தீவில் இருக்கும் ரசிகனுக்கு இன்று எல்லாப் படத்தையும் பார்க்கும் வசதி உண்டு. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து சேர்ந்ததால் கிடைத்த வசதி. அதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு பாட்டை இறக்கவே ராத்திரி முழுக்கக் காத்திருப்போம். இப்போது கார் நிக்கோபாரில் இருக்கும் என் நண்பரும் நானும் ஒரே இரவில் ஒரே படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் சண்டை போடுகிறோம்.

சிறந்த நடிகர் என்று மம்மூட்டியை எழுதியிருக்கிறேன், ‘பிரமயுக’த்துக்காக. கறுப்பு வெள்ளையில், ஒரு பாழ்மனைக்குள், வயதான ஒரு கொடூரத்தை அவர் சிரித்துக்கொண்டே காட்டுகிறார். அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அதே படத்தின் ஒளிப்பதிவுக்கு ஷெஹ்னாத் ஜலாலையும் எழுதியிருக்கிறேன். நடிகை விருதுக்கு ‘அமரன்’ சாய் பல்லவி. குழந்தை நடிகர் விருது மாரி செல்வராஜின் ‘வாழை’யில் சிவனைந்தானாக வந்த சிறுவனுக்கு. வாழைத்தாரின் பாரம் தாங்காமல் அந்தப் பிள்ளையின் கழுத்து வளைவதைப் பார்த்துவிட்டு யாராலும் வேறு பெயர் எழுத முடியாது.

தயாரிப்பு வடிவமைப்பில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, அஜயன் சாலிசேரி. கொடைக்கானல் குணா குகையைக் கேரளத்தில் ஒரு கிடங்குக்குள் கட்டியெழுப்பினார்கள். படம் பார்க்கும்போது பாறையின் ஈரம் நம் கையில் ஒட்டுகிறது. இல்லாத சிறகுகளை இருப்பதாக நம்ப வைத்த சாபு சிரிலின் வேலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் குகையின் அருமை நன்றாகத் தெரியும்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கு ‘வாழை’யா ‘கொட்டுக்காளி’யா என்று இரண்டு வாரம் யோசித்தேன். நடுவர் குழுவினரின் மனதை ‘வாழை’ உடனே தொடும். பட்டியலில் அதையே எழுதினேன். ஆனால் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யை விட மனம் வரவில்லை. படம் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ முக்குகிறது, சேவல் கூவுகிறது, காற்று அடிக்கிறது, ஆண்கள் கத்துகிறார்கள். அன்னா பென் நடித்த அந்தப் பெண் அநேகமாக வாயைத் திறப்பதே இல்லை. அவள் பேசாமல் இருப்பது நமக்குக் கேட்கிறது. சுரேனும் அழகிய கூத்தனும் அந்தச் சத்தங்களை அப்படி அடுக்கியிருக்கிறார்கள்.

என் நோட்டில் இப்போதெல்லாம் முதல் வரிசை ஒலிக்குத்தான். அங்கே ‘கொட்டுக்காளி’ என்று எழுதியிருக்கிறேன், பச்சை மையில், இரண்டு கோடு போட்டு.