நல்ல கண்ணை மூடிய வைத்தியம்

(தலைப்பு: உருவத்தைக் காட்டுவது கண்ணா? மூளையா? 'மூளையே' என்ற அணியில் பேசியது.)

 

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு போடு போட்டார். "கண்ணைத் திறந்தா உலகம் தெரியுது, மூடினா இருட்டு. இதுல மூளைக்கு என்ன வேலை?"ன்னு கேட்டார். நல்ல கேள்விதான் அய்யா. ஆனா மூளைக்கு வேலையே கொடுக்காம கேட்ட கேள்வி! (சிரிப்பு, கைதட்டல்)

எங்க மாமனார் செல்லூர்ல கைத்தறி நெய்தவர். அவர் நெய்த சேலை முந்தியில மாங்காய் இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்க. பாவு நூல் நெடுக்க, ஊடை நூல் குறுக்க. மாங்காயைக் காணோம். தள்ளி நின்னு பார்த்தா மாங்காய்! கண்ணுக்குள்ள விழறதும் இப்படித்தான் அய்யா. அங்கே இருப்பது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். கண் நூல் கொடுக்குது, நெய்யறது மூளை. (கைதட்டல்)

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்ம டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரு வட்டம். மேல்பாதி வெளிச்சம், கீழ்ப்பாதி நிழல். பார்த்தா புடைச்சுத் தெரியுது. அதே படத்தைத் தலைகீழாக்கினா பள்ளமாத் தெரியுது. ஏன்? சூரியன் எப்பவும் மேலே இருந்துதானே காயுது! வெளிச்சம் மேலிருந்துதான் வரும்னு மூளை தானாவே எடுத்துக்குது. வீட்ல போய் இட்லித் தட்டைப் போட்டோ எடுத்துத் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்க. குழியெல்லாம் மேடாத் தெரியும். மாவே ஊத்தாம இட்லி! (பலத்த சிரிப்பு)

கண்ணைத் திறந்தா தானாத் தெரியும்னாரே அண்ணன், அதையும் சோதிச்சுப் பார்த்துட்டாங்க. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பணிபுரியும் நம் நாட்டுக்காரர் பவன் சின்ஹா, 'பிரகாஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைகளுக்கு டெல்லியில் ஆபரேஷன் செய்ய ஏற்பாடு செய்தார். அதில் 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளைச் சோதித்து, முடிவை 2011-ல் வெளியிட்டார்கள். கட்டுப் பிரிச்சாச்சு. ஒரு பொருளைப் பார்க்காம கையால தடவச் சொன்னாங்க. பிறகு இரண்டு பொருளைக் காட்டி, "நீ தடவினது எது?"ன்னு கேட்டாங்க. இரண்டும் வேற வேற என்று கண்ணுக்குத் தெரியுது. ஆனா தடவினது எது என்று சொல்லத் தெரியலை. பூவா தலையா போட்ட மாதிரிதான் பதில் வந்தது. சில நாள் கழிச்சு மறுபடி சோதிச்ச பிள்ளைகள் சரியாச் சொன்னாங்க. அந்தச் சில நாள்ல கற்றுக்கொண்டது எது அய்யா? மூளை! (கைதட்டல்)

இதெல்லாம் புத்தகத்துல படிச்சது. இனி சொல்லப்போறது என் வீட்ல நடந்தது.

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்ச ஊர் இது. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு, ஆறு வயசு வரைக்கும் என் மகளோட கண்ணை நான் ஒருத்தர்கிட்டயும் காட்டலை. கண்ணு நல்லாத்தானே இருக்குன்னு நெனச்சேன். ஒருநாள் விளையாட்டா அவ வலது கண்ணைப் பொத்தினேன். "அம்மா, உன் மூஞ்சி தெரியலை"ன்னுச்சு பிள்ளை. (அரங்கில் அமைதி)

டாக்டர் பார்த்துட்டுச் சொன்னார்: "இடது கண்ல நோய் எதுவும் இல்லைம்மா. பவர் வித்தியாசத்தால மங்கலான படம் போயிருக்கு. அந்தப் படம் வேண்டாம்னு மூளை ஒதுக்கிடுச்சு." இதற்குச் சோம்பேறிக் கண் என்று பேர். ஹூபல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிக்கு ஒரு கண்ணை மூடிவைத்து, பிறகு திறந்து பார்த்தார்கள். கண் நல்லா இருக்கு. மூளைதான் அதை ஏத்துக்கலை. மூளை பார்வையைக் கையாளும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 1981-ல் நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்கள்.

என் மகளுக்கு என்ன வைத்தியம் தெரியுமா? கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் மூடணும்! எங்க அத்தை சண்டைக்கே வந்துட்டாங்க. "நல்ல கண்ணை மூடுற வைத்தியம் எந்த ஊர்லடி இருக்கு?"ன்னாங்க. (சிரிப்பு) பிள்ளை அழும், நானும் அழுவேன். மாசக்கணக்குல போராட்டம். ஒருநாள் அந்த இடது கண்ணால என்னைப் பார்த்து, "அம்மா, பொட்டு கோணலா இருக்கு"ன்னுச்சு. (நீண்ட கைதட்டல்) கோணப்பொட்டோட அன்னிக்கு நான் பட்ட சந்தோஷம், இன்னிக்கும் மறக்கலை அய்யா.

தாய்மார்களே, பள்ளிக்கூடத்துல சேர்க்கும் முன்னாடி பிள்ளைக்கு ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாச் சோதிச்சுப் பாருங்க. வயசு கூடினா எல்லாம் போச்சுன்னு இல்லை. ஆனா சீக்கிரம் பார்த்தா பலன் அதிகம்.

கண் வாசல்தான் அய்யா. வாசல் வேணும், ஒத்துக்கறேன். ஆனா வந்தவர் யார்னு அடையாளம் கண்டு, "வாங்க"ன்னு கூப்பிட உள்ளே ஆள் வேணுமே! அந்த ஆள் மூளையே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.