அடைப்பு நம் செலவு, வெள்ளம் காப்பீட்டில்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் தவித்ததை நாம் மறக்கவில்லை. கல்வராயன் மலையில் கொட்டுகிற மழை கோமுகி ஆற்றோடு போய்விடும். நம் வீட்டுத் தண்ணீர் போக வழி இருக்கிறதா?

சமையலறைக் குழாயை அடைப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான். சூடாக ஊற்றும்போது ஓடும். உள்ளே ஆறியதும் குழாய்ச் சுவரில் உறைந்து, சோற்றுப் பருக்கையையும் காபித்தூளையும் பிடித்துவைக்கும். எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தொட்டித் துளையில் சல்லடை போடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் வாசல் சேம்பர் மூடியைத் திறந்து மண்ணை அள்ளிவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் மட்டும் யாரையும் இறக்காதீர்கள்; விஷவாயு நொடியில் உயிரைக் குடிக்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

காப்பீட்டுக்கு வருவோம். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம், நிலச்சரிவு, திடீரென்று குழாய் வெடிப்பது எல்லாம் அதில் அடங்கும். மெல்ல மெல்லத் துருப்பிடித்த குழாயையும் அடைப்பெடுக்கும் கூலியையும் அதில் கேட்க முடியாது. வெள்ளம் புகுந்தால், சேற்றைக் கழுவும் முன் படம் எடுத்துவைத்து உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.