அந்நியராய் வந்தோம், அயலாராய் வாழ்வோம்

(ஜூபிலி விழாவின் குடும்ப நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் ஜூபிலியைக் கொண்டாடும் பேற்றை நமக்கு அளித்த இறைவனுக்கு முதற்கண் நன்றி செலுத்துவோம். கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, அன்னதானம் ஆகியவற்றோடு ஜூபிலி முடிந்துவிடுவதில்லை. பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது ஐம்பதாம் ஆண்டு. அந்த ஆண்டில் ஒவ்வொருவனும் தன் முன்னோரின் நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது கட்டளை. நாமோ முன்னோரின் நிலத்தை விட்டு இங்கே வந்தவர்கள். திரும்பிப் போகவும் இல்லை. இங்கேயே வீடு கட்டினோம், இங்கேயே பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தோம், பெற்றோரை இங்கேயே அடக்கம் செய்தோம். ஆகவே நிலத்துக்குத் திரும்ப முடியாத நாம், நினைவிலாவது நாம் வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது முறை.

இதைப் பேச ஒரு காரணமும் உண்டு. நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் அண்மையில் நம்மிடம் வந்தார்கள். கணவருக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளி செல்லும் வயதில் இரண்டு பிள்ளைகள். “ஃபாதர், நாங்கள் போகிற ஊரில் தெரு முழுவதும் மோர்மோன் சபையாராம். எங்கள் பிள்ளைகளை விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்களா? நம் விசுவாசம் அங்கே நிலைக்குமா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை அமெரிக்காவில் இருப்பதைவிடக் கொரட்டூரில் அதிகம் இருக்கிறது என்பதே நமது எண்ணம்.

நாம் வந்த வரலாறு

1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியபோது, அது நம் பகுதி வழியாகவே சென்றது. ஆயினும் அதன்பின் நெடுங்காலம் கொரட்டூர், ஏரியும் வயலுமான ஊராகவே இருந்தது. அடுத்துள்ள பாடியில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற திருவலிதாயம் சிவன் கோயில் இருக்கிறது. அதாவது, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் முறைப்படி இறைவனை வழிபட்டு வருகிற மக்களின் நடுவில்தான் நாம் வந்து குடியேறினோம்.

நம்மை இழுத்து வந்தது வேலை. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கியது. 1955-ல் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1960-களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்தும், நெல்லை, குமரி, திருச்சி, தஞ்சை, ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்தும், கேரளத்திலிருந்தும் நம்மவர்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடும், அதற்குள் ஒரு ஜெபமாலையோடும் வந்து இறங்கினார்கள்.

வேலை கிடைத்த அளவுக்கு எளிதாக வீடு கிடைக்கவில்லை. சொந்த ஊரில் கோயில் மணியோசைக்கு எழுந்து, கோயில் மணியோசைக்குப் படுத்தவர்கள் நாம். தெருவில் எல்லாரும் நம்மவர்கள். பங்குச் சாமியாருக்கு நம் தாத்தாவின் பெயர்கூடத் தெரியும். இங்கேயோ ஒரு போர்ஷன் கேட்டுப் போனால், முன்பணத்தைப் பற்றிப் பேசுமுன்னே வேறு கேள்விகள் வந்தன. என்ன சாப்பிடுவீர்கள்? எந்தச் சாதி? சுவரில் சிலுவை மாட்டுவீர்களா? கேட்டுவிட்டு, “வீட்டுக்காரர் ஊரில் இல்லை” என்று அனுப்பியவர்கள் உண்டு. இதைச் சொல்வது யாரையும் குறைகூற அன்று. அந்த வலியை நம் பெரியவர்கள் பட்டார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும், அவ்வளவே.

அதே நேரத்தில் கதவைத் திறந்தவர்களும் இந்த ஊரார்தாம். நம் தாய்மார் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூத்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள் நெற்றியில் திருநீறு அணிந்த பக்கத்து வீட்டு அம்மாமார்கள். இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்காகத் தெருக்கதவைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பானைப் பொங்கல் நம் வீட்டுக்கு வந்தது. கிறிஸ்துமசுக்கு நம் வீட்டு முறுக்கும் கல்கல்லும் அவர்கள் வீட்டுக்குப் போனது. வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்றால், “எங்கள் பெண்ணுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்” என்று காசு கொடுத்து அனுப்பினார்கள்.

தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை வந்தபோது நம்மவர்களுக்குக் குழப்பம் வந்தது. எந்திரத்துக்குப் பொட்டு வைப்பார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள். நாம் எங்கே நிற்பது? விவரமறிந்த மூத்த தொழிலாளர் ஒரு வழி கண்டார்கள். முந்தின நாளே தம் எந்திரத்தை மற்றெவரையும்விடச் சுத்தமாகத் துடைத்து வைத்தார்கள். பூசை நடக்கையில் வணக்கத்தோடு ஒதுங்கி நின்றார்கள். பிறகு எல்லாரோடும் கூடி உட்கார்ந்து பேசினார்கள். தாம் நம்பாததைச் செய்யவும் இல்லை. பிறர் நம்புவதை நகைக்கவும் இல்லை. 1965 அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. அவற்றில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்பது அதன் போதனை. 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நம் சென்னை இராஜாஜி மண்டபத்தில் பிற சமயத் தலைவர்களைச் சந்தித்தார். பெரியவர்கள் அங்கே எடுத்துரைத்ததை நம் தொழிலாளர் பட்டறையில் வாழ்ந்து காட்டினார்கள்.

அந்த ஊராரின் கதை

இனி யூட்டாவுக்கு வருவோம். மோர்மோன்கள் எனப்படுவோரின் சபையை 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கினார். விவிலியத்தோடு மோர்மோன் நூலையும் அவர்கள் மறைநூலாகக் கொள்கிறார்கள். அமெரிக்க மக்கள் அவர்களை ஏற்கவில்லை. 1838-ல் மிசௌரி மாநில ஆளுநரே அவர்களை விரட்டும்படி ஆணையிட்டார். 1844-ல் இல்லினாய் மாநிலத்தில், சிறையில் இருந்த ஸ்மித்தை ஒரு கும்பல் கொன்றது. எஞ்சியோர் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மாட்டுவண்டிகளில் மலைகளையும் பாலைகளையும் கடந்து, 1847 ஜூலையில் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். எங்குமே அந்நியராய் இருந்தவர்கள், அங்கே ஊராரானார்கள்.

பிறகு அவர்கள் நடுவே கத்தோலிக்கர் அந்நியராய் வந்தார்கள். பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர். 1873-ல் லாரன்ஸ் ஸ்கன்லன் என்னும் ஐரிஷ் குரு அங்கே வந்தார். பின்னர் 1891-ல் சால்ட் லேக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். 1879-ல் நடந்த ஒன்றை நாம் கேட்டு மகிழ வேண்டும். தென் யூட்டாவில் செயின்ட் ஜார்ஜ் என்னும் ஊரில் மோர்மோன் சபையார் தம் வழிபாட்டு மண்டபத்தைத் திருப்பலி நிறைவேற்றத் தந்தார்கள். இலத்தீன் திருப்பலிப் பாடல்களைப் பாட நம்மிடம் பாடகர் குழு இல்லை. மோர்மோன் பாடகர் குழுவினரே சில வாரங்களில் அந்த இலத்தீன் பாடல்களைக் கற்று, மே 25-ஆம் நாள் ஸ்கன்லன் சாமியாரின் பாடற்பூசையில் பாடினார்கள். அவர்கள் கத்தோலிக்கராக மாறவில்லை. அவரும் தம் மறையில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. அயலாராக நடந்துகொண்டார்கள்.

போகிறவர்களுக்கு

அந்தக் குடும்பத்தாருக்கும், துபாய்க்கோ ஜெர்மனிக்கோ பெங்களூருக்கோ பெட்டி கட்டுகிற மற்றெல்லாருக்கும் நாம் சொல்லக்கூடியவை சில.

முதலாவது, போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறே திருப்பலி எங்கே என்று தேடுங்கள். “வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் பிறகு பார்ப்போம்” என்று தள்ளிப்போட்டால், அந்தப் பிறகு ஆண்டுக்கணக்கில் வராது. சால்ட் லேக் நகரில் 1909-ல் அர்ச்சிக்கப்பட்ட மதலேனம்மாள் பேராலயம் இருக்கிறது. சுற்றிலும் பங்குகள் உண்டு. வீட்டில் இரவு ஜெபத்தைத் தமிழிலேயே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அங்கே தமிழும் கத்தோலிக்க மறையும் ஒரே கயிற்றில் தொங்கும். ஒன்று அறுந்தால் மற்றதும் தளரும்.

இரண்டாவது, அயலாரின் வழக்கத்தை முன்கூட்டியே அறிந்து கொள்ளுங்கள். மோர்மோன் சபையார் காப்பியும் தேநீரும் மதுவும் அருந்துவதில்லை. நாமோ வந்தவருக்குக் காப்பி கொடுக்காவிட்டால் அவமதிப்பு என்று கருதுபவர்கள். நீங்கள் ஆற்றித் தந்த காப்பியை அவர்கள் மறுத்தால் மனம் நோக வேண்டாம். எலுமிச்சைச் சாறோ மோரோ கொடுங்கள். ஞாயிறன்று அவர்கள் பிள்ளைகள் விளையாட வராவிட்டால் அது உங்கள் பிள்ளைகளை ஒதுக்குவது ஆகாது. அது அவர்கள் ஓய்வுநாளைக் காக்கும் முறை. திங்கள் மாலையைக் குடும்பத்துக்கென்று ஒதுக்குகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு நோன்பிருந்து, அந்த உணவின் விலையை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். இவற்றை நாம் கற்றாலும் குற்றமில்லை. நம் தவக்காலமும் அதையே கேட்கிறது.

மூன்றாவது, உள்ளதை உள்ளபடி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுடைய கோட்பாடு நம்முடையது அன்று. மூவொரு கடவுளைப் பற்றி அவர்கள் கொள்ளும் கருத்து வேறு. அவர்கள் அளிக்கும் திருமுழுக்குச் செல்லாது என்று 2001-ல் திருப்பீடம் தீர்ப்பளித்தது. ஆகவே திருமணப் பேச்சு வருமானால் பங்குத்தந்தையிடம் முன்னதாகவே வாருங்கள். ஆயரின் விலக்கு இல்லாமல் அத்திருமணம் செல்லாது. அவர்கள் வீட்டுக்கு அழைத்தால் போங்கள். தம் சபைக்கு அழைத்தால் முகம் கோணாமல், “நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் கோயில் இருக்கிறது” என்று சொல்லுங்கள். தெளிவாகச் சொல்கிறவனுக்குச் சண்டை போடத் தேவையில்லை.

நான்காவது, குழந்தைகளின் தனிமையைச் சிறிதாக எண்ணாதீர்கள். பெரியவர்களுக்கு வேலை இருக்கிறது. ஊரோடு பேசத் தொலைபேசி இருக்கிறது. வகுப்பில் தனியாக உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறக்கிற பிள்ளைக்கு வேறு வழியில்லை. மாலையில் அதனோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்தில் இயேசு பாலனும் அப்படி ஓர் அந்நியக் குழந்தைதானே. 1952-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் குடிபெயர்ந்தோரைக் குறித்து விடுத்த சாசனம் அந்தத் திருக்குடும்பத்தையே முன்மாதிரியாகக் காட்டியது. வீரமாமுனிவரும் தேம்பாவணியில் சூசையப்பரோடு நம்மை எகிப்துக்கு அழைத்துச் செல்கிறார். அவரே இத்தாலியில் பிறந்து, இந்த மண்ணுக்கு அந்நியராய் வந்து, நம் மொழியைக் கற்று நம்மவரானவர் அல்லவா?

இருக்கிறவர்களுக்கு

போகிறவர்களுக்கு இவ்வளவு சொன்ன நாம், இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லாமல் முடிக்கக் கூடாது.

போர்ஷன் கேட்டு அலைந்தவர்களின் பிள்ளைகள் இன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். நல்லது, இறைவனுக்கு நன்றி. ஆனால் “கிறிஸ்தவர்களுக்கு மட்டும்” என்று சொல்கிற வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு. கிறிஸ்தவரே வந்தாலும் “எந்த ஊர்?” என்று கேட்டு, அந்தக் கேள்விக்குள் சாதியைத் தேடுகிறவர்களும் உண்டு. அன்று நம்மை வாசலிலேயே நிறுத்திய அதே கேள்விகள் இன்று நம் வாயிலிருந்து வருவது தகுமா? ஊரார் ஆனபின் வாசலில் எப்படி நிற்கிறோம் என்பதில்தான் நாம் வந்த வழியை நினைக்கிறோமா, மறந்தோமா என்பது தெரியும்.

இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்ய ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். 2020-ல் ஊரடங்கின்போது அவர்கள் பட்ட பாட்டை நாடே கண்டது. அவர்களிலும் கத்தோலிக்கர் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், ஒரு சொல்லும் புரியாமல், எழும்போது எழுந்து முழந்தாளிடும்போது முழந்தாளிடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள். பூசை முடிந்ததும் அவர்கள் எவரோடும் பேசாமல் வெளியே போகிறார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய நம் தந்தையரின் முகம் அதுவே.

ஆதலால் இந்த ஜூபிலியின் நினைவாக மூன்று காரியங்களை வேண்டுகிறோம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் புதிதாக வந்த குடும்பத்தை, அது எச்சமயமாயினும், முதல் மாதத்துக்குள் ஒருமுறை போய்ப் பார்த்து வரட்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் வெளிமாநிலத் தொழிலாளரின் தங்குமிடங்களுக்கும் செல்லட்டும். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், வாடகை தருவாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்ற இரண்டை மட்டும் கேட்கட்டும்.

பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா இறைவாக்கினர் கடிதம் எழுதினார். அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பது அதன் சாரம். கொரட்டூரில் நாம் அதைச் செய்தோம். அதை யூட்டாவில் செய்யப்போகும் நம் பிள்ளைகளையும், இங்கே செய்ய வந்திருக்கும் பிற மாநிலப் பிள்ளைகளையும், நம்மை ஏற்றுக்கொண்ட இவ்வூர் மக்கள் அனைவரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக. எகிப்தில் குடித்தனம் நடத்திய நம் அன்னை மரியாளும் சூசையப்பரும் எல்லார்க்கும் துணை நிற்பார்களாக. ஆமென்.