எடையும் ஏளனமும்



அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லி, மெலிந்த பிள்ளை, பருத்த பிள்ளை ஆகியோரின் படங்களைக் காட்டி, கதையில் வரும் பொல்லாத பிள்ளை யாரென வினவினர். பருத்த பிள்ளையையே அவர்கள் பெரிதும் சுட்டினர். எழுத்தறியும் முன்னரே இகழ்ச்சியை அறிந்துவிட்டனர்! பெரியோர் வாய்ச்சொல்லன்றோ பிள்ளைக்கு முதற்பாடம்?

அங்கன்வாடியில் எடை நிறுப்பது வளர்ச்சியை அறிதற்கேயன்றி, 'குண்டு' என்றும் 'நோஞ்சான்' என்றும் பட்டம் சூட்டுதற்கன்று. எடை குறையின் ஊட்டம் அளிப்போம். மிகின் மருத்துவரை நாடுவோம்.

பிறப்பைக் காட்டி இழித்துரைக்கப்பட்ட வலியை நாம் அறிவோம். உடலைக் காட்டி இழிக்கும் சொல் நம் இல்லங்களில் எழலாமா? பிள்ளைகளை அவரவர் பெயர் சொல்லியே அழைப்போமாக.