மலடும் ஒரு பரம்பரையலகும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளையில்லை என்று எங்களிடம் வரும் பெண் பெரும்பாலும் தனியாகவோ தாயாருடனோதான் வருகிறாள். கணவருக்கும் ஒரு சோதனை வேண்டும் என்றால் மாமியாரின் முகம் மாறிவிடும். "மலடி" என்ற சொல் எம்மிடையே தாராளமாகப் புழங்குகிறது. அதன் ஆண்பாலை யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை!

1995இல் அமெரிக்காவில் டேவிட் பேஜ் என்பவரின் குழு, விந்தணு அறவே இல்லாத 89 ஆண்களைச் சோதித்தது. 12 பேரில் வை நிறமூர்த்தத்தின் ஒரே பகுதி அற்றுப்போயிருந்தது. அப்பகுதியில் இருந்த பரம்பரையலகுக்கு "டாஸ்" என்று பெயரிட்டனர்.

அது என்ன வேலை செய்கிறது என்பதை மனிதரில் பரீட்சித்துப் பார்க்க முடியாது. எனவே சுண்டெலியில் அதன் இணையைத் தேடினர். 1996இல் கிடைத்தது. ஆனால் வை நிறமூர்த்தத்தில் அல்ல, 17ஆம் நிறமூர்த்தத்தில்! ஆகவே பெண் எலிக்கும் அது உண்டு. சூலகத்திலும் அது தொழிற்படுகிறது. மனிதரிலும் இதற்கு நேரான "டாஸ்ல்" 3ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

இந்த அலகு ஆக்குவது ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம். உயர்தர வகுப்பில் பிரதியெடுத்தல், மொழிபெயர்ப்பு என்று மனனம் செய்தோமே, அந்த இரண்டாவது படியில்தான் இதற்கு வேலை. தூது ஆர்.என்.ஏ.யின் வால்பக்கத்தைப் பிடித்து, அச்செய்தி புரதமாவதற்கு உதவுகிறது. செய்தி எழுதப்பட்டால் மட்டும் போதாது, வாசிக்கப்படவும் வேண்டும்.

1997இல் எடின்பரோ ஆய்வாளர்கள் இந்த அலகை முடக்கிய எலிகளை உருவாக்கினர். ஆணில் விந்தணு இல்லை. பெண்ணில் முட்டை இல்லை. மாமியார்மார் அறிய வேண்டிய முடிவு இது.

இன்று வை நிறமூர்த்தக் குறைபாட்டை இரத்தச் சோதனையில் கண்டறியலாம். டாஸ் இல்லாத சிலரின் விதையிலிருந்து ஓரிரு விந்தணுக்களை எடுத்து முட்டையினுள் செலுத்தவும் முடிகிறது. ஆனால் அப்படிப் பிறக்கும் மகனுக்கு அதே குறைபாடு போய்ச்சேரும், மகளுக்குப் போகாது. சிகிச்சை தொடங்குமுன் கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக இருத்தி இதைச் சொல்கிறோம். மகன் பிறந்தால் எந்த வயதில் அவனுக்குச் சொல்வது என்று கேட்ட ஆண்களும் உண்டு. அதற்குரிய மறுமொழியை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.