அட்லாண்டா சொல்லும் பாடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிடாதீங்க" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அவர் கவலை நியாயமானது. நம்மில் பலர் ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள். மற்றவர்கள் வீட்டில் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள். இரு தரப்பாருக்கும் பொதுவான ஒரு வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டேன். நடந்த இடம் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். அதன் மையத்தில் இருப்பவர் பெவர்லி ஹால் என்ற அம்மையார்.

அமெரிக்காவில் நகரத்து அரசுப் பள்ளிகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரு 'சூப்பரின்டென்டென்ட்' உண்டு. பேரைக் கேட்டதும் நம்ம ஊர் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஞாபகம் வந்துவிடக் கூடாது. நம் மாவட்டக் கல்வி அதிகாரியை நினைத்துக்கொண்டு, அவருக்கு இன்னும் பல மடங்கு அதிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். தலைமையாசிரியரை வைப்பது, எடுப்பது, பட்ஜெட், இலக்கு எல்லாம் அவர் கையில்.

ஹால் அம்மையார் 1946இல் ஜமைக்கா தீவில் பிறந்தவர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆசிரியையாக வேலையைத் தொடங்கி, தலைமையாசிரியை ஆகி, அந்த நகரப் பள்ளி நிர்வாகத்தின் துணைத் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். 1995இல் நியூஜெர்சி மாநில அரசு நெவார்க் நகரப் பள்ளிகளைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டபோது அங்கே தலைமை ஏற்கச் சென்றார். 1999இல் அட்லாண்டாவுக்கு வந்தார். அங்கே சுமார் 50,000 மாணவர்கள். பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள். "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்று பலரும் கைவிட்டிருந்த பள்ளிகள் அவை.

அம்மையார் அதை ஏற்கவில்லை. ஏழைப் பிள்ளையாலும் படிக்க முடியும், படிக்காவிட்டால் குறை பெரியவர்களுடையது என்றார். "விதிவிலக்கும் கிடையாது, சாக்குப்போக்கும் கிடையாது" என்பது அவர் கொள்கை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானே ஆசிரியர்கள் கூட்டத்தில் கைதட்டியிருப்பேன்.

அந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்திய விதத்தையும் பார்ப்போம். ஜார்ஜியா மாநிலம் ஆண்டுதோறும் ஒரு தேர்வு வைத்தது. சரியான விடைக்கான வட்டத்தைப் பென்சிலால் நிரப்பும் தேர்வு. ஒவ்வொரு பள்ளிக்கும் அதில் ஒரு இலக்கு. எட்டினால் ஊழியர்களுக்குப் போனஸ். எட்டாவிட்டால் தலைமையாசிரியர் நாற்காலி போகும். அவர் காலத்தில் 90 சதவீதத் தலைமையாசிரியர்கள் மாற்றப்பட்டார்கள். ஆண்டு விழா ஒரு பெரிய விளையாட்டரங்கத்தில் நடக்கும். இலக்கை எட்டிய பள்ளிக்காரர்களுக்கு மைதானத்தில் மரியாதையான இடம், எட்டாதவர்களுக்குத் தள்ளி கேலரியில் இடம். தோற்றவர் யார், ஜெயித்தவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

மதிப்பெண்கள் ஏறின. ஆண்டுக்கு ஆண்டு ஏறின. அம்மையாருக்குப் போனஸாக மட்டும் மொத்தம் 5 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. 2009இல் அமெரிக்காவின் சிறந்த பள்ளிக் கண்காணிப்பாளர் என்ற தேசிய விருதும் வந்தது. நகரத்து வியாபாரப் பெருமக்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

சந்தேகத்தைக் கிளப்பியது உள்ளூர்ப் பத்திரிகை. சில பள்ளிகளின் மதிப்பெண் ஒரே வருடத்தில் நம்ப முடியாத அளவுக்கு எகிறியிருப்பதை 'அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிட்யூஷன்' எடுத்துக் காட்டியது. விடைத்தாள்களை மறுபடி ஸ்கேனரில் ஓட்டிப் பார்த்தார்கள். ரப்பரால் அழித்த தடத்தை இயந்திரம் கண்டுபிடித்துவிடும். தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த இடங்கள், சில வகுப்புகளில், தற்செயலாக நடக்கவே முடியாத அளவுக்கு இருந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு ஆசிரியர்களே உட்கார்ந்து அழித்துத் திருத்தியிருக்கிறார்கள்!

2010இல் ஆளுநர் தனி விசாரணைக் குழு அமைத்தார். 2,100க்கு மேற்பட்ட விசாரணைகள் நடந்தன. 2011 ஜூலையில் அறிக்கை வந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் மோசடி. 178 பேர் பெயர் அதில் இருந்தது, அவர்களில் 38 பேர் தலைமையாசிரியர்கள். 82 பேர் ஒப்புக்கொண்டார்கள். அம்மையார் அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார்.

2013இல் அவர் உள்பட 35 பேர்மீது வழக்கு. திட்டமிட்ட குற்றக் கும்பல்களைப் பிடிக்க வந்த சட்டம் பள்ளி ஆசிரியர்கள்மேல் பாய்ந்தது. அது சரியா தவறா என்று அந்த ஊரிலேயே பெரிய விவாதம். 2015 ஏப்ரல் 1 அன்று, விசாரணையை எதிர்கொண்ட 12 பேரில் 11 பேர் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. ஹால் அம்மையார் அதைப் பார்க்கவில்லை. மார்பகப் புற்றுநோயால் நீதிமன்றத்துக்கே வர முடியாத நிலையில் இருந்து, 2015 மார்ச் 2 அன்று காலமானார். மோசடி எனக்குத் தெரியாது என்பதே கடைசிவரை அவர் சொன்ன பதில். அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பது அறிக்கையின் முடிவு. அவர்மீதான வழக்கு தீர்ப்பைக் காணாமலே முடிந்தது.

"அப்போ அந்தம்மா மோசமானவங்கதானே?" என்று கேட்பீர்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அட்லாண்டா ஆசிரியர்கள் கை வைக்க வாய்ப்பில்லாத தேசிய மதிப்பீட்டுத் தேர்வு ஒன்று உண்டு. அதிலும் அவர் காலத்தில் அந்த நகரப் பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள். நல்லதும் நடந்திருக்கிறது. அந்த நல்லதையும் சேர்த்து ஊர் சந்தேகப்படும்படி ஆகிவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

தெரியுமா தெரியாதா என்ற கேள்வியைக் கோர்ட்டுக்கு விட்டுவிடுவோம். எனக்கு வேறொரு கேள்வி. "இந்த இலக்கை எங்களால் இந்த வருஷம் எட்ட முடியாதும்மா" என்று அவரிடம் நேராகப் போய்ச் சொல்லக்கூடிய ஒரு தலைமையாசிரியர் இருந்தாரா? அங்கே பயமும் மிரட்டலும் பழிவாங்கலும் நிலவின என்கிறது அறிக்கை. புகார் சொன்னவர்களே தண்டிக்கப்பட்டார்கள். கெட்ட செய்தி கொண்டுவருகிறவனுக்குத் தண்டனை என்றால், கெட்ட செய்தி வருவது நின்றுபோகும். ஆனால் கெட்டது நிற்காது.

இதில் தோற்றது யார் தெரியுமா? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண் வந்திருந்தால் தனிப் பயிற்சி கிடைத்திருக்கும். தேர்வு என்பது அதற்குத்தானே? காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வைக்கிறோம். தெர்மாமீட்டரைத் திருத்தி எழுதிவிட்டு, பிள்ளையை ஆரோக்கியசாலி என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை பெயில் ஆகும் உரிமையையே இழந்துவிட்டது. மாநிலக் கண்காணிப்பாளர்கள் வந்து உட்கார்ந்த 2010 தேர்வில் பல பள்ளிகளின் மதிப்பெண் சரிந்தது. அப்போதுதான் அந்தப் பிள்ளைகளின் உண்மையான நிலை வெளியே தெரிந்தது.

நண்பர்களே, இலக்கு வைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பே வைக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய அநியாயம். ஹால் அம்மையார் அந்த அநியாயத்தை எதிர்த்துத்தான் கிளம்பினார். பிள்ளையின் படிப்பைக் காட்ட வந்த எண்ணை, பெரியவர்களின் வேலைக்கும் மானத்துக்கும் கட்டிவிட்டபோது, அந்த எண் பிள்ளையைக் காட்டுவதை நிறுத்திவிட்டது.

இங்கே தலைமையாசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கும் என் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ரிசல்ட் குறைந்த வகுப்பின் ஆசிரியர் உங்கள் அறைக்குள் வரும்போது முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நாளைக்கு ஆசிரியராகப் போகிற தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஐந்து மார்க் வாங்கினால் அந்த ஐந்தை ஐந்தாகவே எழுதுங்கள். அங்கிருந்துதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.